படிக்க இடம் கிடைத்தது, படுக்க இடம்?



எங்கள் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்கிற ஒரு தாய், ஒரு நாள் மாலை வேலை முடிந்த கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு நீளமான உறை. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் ஆறாம் ஆண்டுவரை படிப்பித்து அனுப்பிய பிள்ளை அது. மலாய் மொழியில் இருந்த கடிதத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். கட்டணம், பதிவு நாள், கொண்டுவர வேண்டிய பத்திரங்கள் எல்லாம் சொல்லியாயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டுமே விடுதியில் இடம் உறுதி என்றது அந்த வரி.

"அப்புறம் புள்ள எங்க சார் தங்கும்?" என்று கேட்டார்.

"வெளியிலே வீடு எடுத்துத் தங்கணும் அக்கா" என்றோம்.

"வெளியிலேன்னா யாரு வீட்ல சார்?"

இந்தக் கேள்விக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறந்தது முதல் தோட்டத்து வீட்டிலேயே வாழ்ந்தவர் அவர். வீடு என்றால் வேலையோடு வருவது, வேலை போனால் போவது. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டைப் பணம் கொடுத்து எடுத்து, அதில் நான்கு பெண்பிள்ளைகள் தாமாகச் சமைத்துச் சாப்பிட்டுப் படிப்பார்கள் என்பது அவருக்குப் புதிய செய்தி.

யார் வீட்டில் தங்குவது என்ற இதே கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு, சண்டையிட்டு, வழக்காடி, உயிரும் கொடுத்த ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் கதையை இன்று சொல்லலாம் என்று எண்ணுகிறோம். கேட்டால் நம் பிள்ளைகளுக்கும் உதவும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கு எதிரே, வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் ஊர் பெர்க்லி. 1868-இல் தொடங்கப்பட்ட கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1873-இல் அங்கே குடியேறியது. பெர்க்லி ஒரு நகரமாகப் பதிவு பெற்றது 1878-இல். ஆகவே அங்கே ஊரைவிடப் பல்கலைக்கழகம் மூத்தது. இன்று அந்த ஊரின் மக்கள் தொகை ஏறக்குறைய 1 இலட்சத்து 20 ஆயிரம். மாணவர் மட்டும் 45,000 பேருக்கு மேல். இவர்களில் பல்கலைக்கழகம் தன் சொந்தக் கட்டடங்களில் தங்க வைத்தது நெடுங்காலமாக நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களெல்லாம் ஊருக்குள் அறை தேடி அலைய வேண்டியதுதான்.

ஏன் கூடுதல் வீடு கட்டவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் கதை இருக்கிறது.

1916-ஆம் ஆண்டிலேயே பெர்க்லியில் ஒரு விதி செய்தார்கள். நகரத்தின் ஒரு பகுதியில் ஒரு மனைக்கு ஒரு குடும்பம் வாழும் ஒரே வீடுதான் கட்டலாம் என்பது அந்த விதி. கேட்பதற்கு நல்ல விதி போலத் தோன்றும். ஆனால் தனி வீடு வாங்கப் பணம் இல்லாதவன் அந்தத் தெருவுக்குள் வர முடியாமல் செய்ததும் அதே விதிதான். 2021 பிப்ரவரியில் அந்நகர மன்றமே இத்தகைய விதிகளுக்கு இன ஒதுக்கலில் வேர் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அவற்றை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானம் போட்டது. இடையில் போனது 105 ஆண்டுகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாணவர் கூட்டம் பெருகியபோது, பழைய மர வீடுகளை இடித்துவிட்டுப் பெட்டி போன்ற அடுக்குமாடிகளை அவசர அவசரமாக எழுப்பினார்கள். ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது. 1973-இல் அவர்களே வாக்களித்து ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். புதுக் குடியிருப்பு எழுப்ப வேண்டுமானால் அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டுத்தான் எழுப்ப வேண்டும் என்றது அது. அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்பது நியாயந்தானே? நியாயந்தான். ஆனால் பேச வருகிறவர்கள் யார்? ஏற்கெனவே வீடு உள்ளவர்கள். அடுத்த ஆண்டு படிக்க வரப்போகும் பிள்ளை தன் ஊரில் எங்கோ உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும். அது எப்படி அந்தக் கூட்டத்துக்கு வரும்? வராதவர்களுக்காகப் பேச ஆளில்லை.

அதற்கும் முன்னதாக, 1960-களின் இறுதியில், பல்கலைக்கழகம் ஒரு வேலை செய்தது. மாணவர் விடுதி கட்டப் போவதாகச் சொல்லி, பக்கத்துத் தெருவில் 2.8 ஏக்கர் நிலத்தை எடுத்து, அதிலிருந்த வீடுகளை இடித்தது. பிறகு பணம் போதவில்லை என்று நிலத்தை அப்படியே போட்டுவிட்டது. இடிபாடும் சேறுமாகக் கிடந்தது இடம். 1969 ஏப்ரலில் மாணவர்களும் ஊர் மக்களும் மண்வெட்டியோடு இறங்கிச் செடி நட்டு, புல் பதித்து, மக்கள் பூங்கா என்று பெயரிட்டார்கள். மே 15-ஆம் நாள் விடியற்காலையில் பல்கலைக்கழகம் அதைச் சுற்றி வேலி போட்டது. அன்று நடந்த கலவரத்தில் போலீசார் சுட்டனர். கூரைமேல் நின்றிருந்த ஜேம்ஸ் ரெக்டர் என்ற 25 வயது இளைஞர் குண்டடி பட்டுச் சில நாளில் இறந்தார். இன்னொருவர் பார்வையை இழந்தார். மாநில ஆளுநராக இருந்தவர் ரொனால்ட் ரீகன், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். அவர் தேசியக் காவல் படையை ஊருக்குள் அனுப்பினார்.

2.8 ஏக்கர் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டால், ஓர் ஆளின் வெட்டுக்காட்டைவிடச் சின்னது என்பார்கள். அந்தத் துண்டு நிலத்தில் விடுதி எழுவதா, மரம் நிற்பதா என்ற வழக்கு அதன் பிறகு ஐம்பத்தைந்து ஆண்டு நீடித்தது.

இனி, நகர மன்றத்துக்குள் போவோம்.

பெர்க்லி நகர மன்றத்தில் ஒரு மேயரும் எட்டு உறுப்பினர்களும். எல்லாரும் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள். பொருளை எடுத்ததும், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கூட்டம் அதிகமானால் ஆளுக்கு ஒரு நிமிடந்தான். அதற்குள் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

மாணவர் அடுக்குமாடி விவாதம் என்றால் இரண்டு பக்கமும் வரிசை கட்டும். ஒரு பக்கம் பல ஆண்டுகளாகக் கடன் கட்டி வீடு வாங்கியவர்கள். என் வீட்டுக் கொல்லையில் வெயில் விழாது, தெருவில் கார் நிறுத்த இடமிருக்காது, இரவு இரண்டு மணிக்குப் பாட்டுச் சத்தம் என்பார்கள். இன்னொரு பக்கம் மாணவர்கள். ஓர் அறையில் மூன்று பேர், நான்கு பேர். தொலைவில் வேறு ஊரில் தங்கி இரயிலேறி வருகிறோம். வாடகை கட்டிய பிறகு சாப்பாட்டுக்கு மிஞ்சுவதில்லை என்பார்கள். இரண்டு பக்கத்தாரும் பொய் சொல்வதில்லை. அதுதான் இந்த விவாதத்தின் கடினம்.

மன்றத்துக்கும் கை கட்டியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அது மாநிலப் பல்கலைக்கழகமாதலால் தன் நிலத்தில் என்ன கட்டுவதென்று நகர மன்றத்தின் மனை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. சொத்து வரியும் கிடையாது. தீயணைப்பு வண்டி மட்டும் நகரத்தினுடையது. இதனால் மூண்ட பூசலில், 2021-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, 16 ஆண்டுகளில் ஏறக்குறைய 8 கோடியே 26 இலட்சம் அமெரிக்க டாலர் நகரத்துக்குத் தருவதாகப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. மன்றம் விவாதித்து முடிவு செய்யக்கூடியது வெளியே தனியார் கட்டும் அடுக்குமாடிகளைப் பற்றித்தான். அதிலும் விதிப்படி இருக்கும் ஒரு கட்டடத்தை வேண்டுமென்றே இழுத்தடிக்கக் கூடாதென்று 2019-இல் வந்த மாநிலச் சட்டம், ஐந்து விசாரணைக்கு மேல் நடத்தக் கூடாது என்றுவிட்டது.

பிறகு ஒரு விந்தையான வழக்கு வந்தது. 1970-இல் கலிபோர்னியாவில் சுற்றுச்சூழலைக் காக்க ஒரு சட்டம் செய்திருந்தார்கள். ஆறு கெடாமல், காற்று கெடாமல் பார்த்துக்கொள்ளும் நல்ல சட்டம். அண்டைவீட்டார் குழு ஒன்று இதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போயிற்று. மாணவர் எண்ணிக்கை கூடினால் வாடகை ஏறும், சத்தம் கூடும், இதுவும் சுற்றுச்சூழல் கேடுதான் என்பது வாதம். 2021-இல் நீதிபதி, மாணவர் தொகையை 42,347-க்கு மேல் கூட்டாதே என்று ஆணையிட்டார். 2022 மார்ச் தொடக்கத்தில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை நிறுத்த மறுத்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுக்க இருந்த இடம் பறிபோகும் நிலை. சட்டமன்றம் அவசரமாகக் கூடி, மார்ச் 14-ஆம் தேதி புதிய சட்டத்தின் மூலம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது.

அதோடு விட்டதா? 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பூங்கா நிலத்தில் விடுதி கட்டினால் அங்கே குடிவரப்போகும் மாணவர் போடும் சத்தத்தையும் ஆராய வேண்டும் என்றது. இன்னும் வந்து சேராத பிள்ளை, இன்னும் போடாத சத்தம்! அதே ஆண்டு செப்டம்பரில், மக்கள் வாழ்வதால் எழும் ஓசை சுற்றுச்சூழல் கேடு ஆகாது என்று சட்டம் எழுதினார்கள். மனிதன் பேசினால் சத்தம் வரும் என்பதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று பாருங்கள். 2024 ஜனவரியில் பல்கலைக்கழகம் இரவோடு இரவாகக் கப்பல் கொள்கலன்களை இரண்டடுக்காக வைத்து அந்த நிலத்தைச் சுற்றி மதில்போல் அடைத்தது. ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 1,100 மாணவருக்கான படுக்கைகள், வீடற்றவர்க்குத் தனியாக ஒரு குடியிருப்பு, மிச்ச நிலம் வெளியாக இருக்கும் என்பது திட்டம். தீர்ப்புக்குப் பிறகு கட்டும் வேலை தொடங்கியது.

இத்தனையிலும் எங்கள் மனத்தை விட்டு நீங்காதது வேறொரு நிகழ்ச்சி. 2015 ஜூன் 16-ஆம் தேதி, நள்ளிரவு கழிந்த நேரம். பல்கலைக்கழகத்துக்கு அருகே ஓர் அடுக்குமாடி. கோடை விடுமுறையில் வேலை செய்யலாம் என்று அயர்லாந்து நாட்டிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் அங்கே ஒரு வீட்டில், தோழி ஒருத்தியின் 21-ஆம் பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 13 பேர் மேல்மாடியின் முகப்பில் நின்றனர். முகப்பு அப்படியே ஒடிந்து கீழே கவிழ்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். ஏழு பேர் படுகாயமடைந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது முகப்பைத் தாங்கிய மரச்சட்டங்கள் மழைநீர் இறங்கி உள்ளுக்குள்ளே உளுத்துப் போயிருந்தன. மேலே பூச்சு அழகாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதுவும் பழைய கட்டடமல்ல, எழும்பி பத்தாண்டுகூட ஆகாத கட்டடம்.

அடுத்த மாதமே நகர மன்றம் கூடி, ஊரிலுள்ள அடுக்குமாடிகளின் முகப்புகளையும் வெளிப்படிகளையும் ஆறு மாதத்துக்குள் சோதிக்க வேண்டும், அதன் பிறகும் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று விதி செய்தது. 2018-இல் மாநிலம் முழுமைக்குமே அப்படி ஒரு சட்டம் வந்தது. எத்தனை மாடி, எவ்வளவு நிழல், கார் நிறுத்த எத்தனை கட்டம் என்று பல்லாண்டு விவாதித்த ஊர், மரச்சட்டம் நனைந்திருக்கிறதா என்று பார்க்க ஆறு பிள்ளைகள் சாக வேண்டியிருந்தது. கடல் கடந்து பிள்ளையை அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்குக் காத்திருந்த அந்தப் பெற்றோர்களை நினைக்கும்போது, உறையோடு வந்த அந்தத் தாயின் முகந்தான் எங்கள் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பெர்க்லியில் நகர மன்றத் தொகுதிகளைத் திருத்தி வரைந்தபோது, மாணவர் பெரும்பான்மையாக வாழும் தெருக்களை ஒரே தொகுதியாகச் சேர்த்தார்கள். 2014 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொகுதியிலிருந்து 2024-இல் செசிலியா லூனாபர்ரா என்னும் பெண், பட்டப்படிப்பு மாணவியாக இருக்கும்போதே மன்ற உறுப்பினரானார். வீடு தேடுகிறவர்களில் ஒருவரே, வீட்டைப் பற்றி முடிவு செய்யும் மேசையில் உட்கார்ந்தார். நம் நாட்டில் 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டு, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இல்லாமலே போயின. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. அதற்காக நமக்கு வாயில்லை என்று இருந்துவிட வேண்டாம். கால்வாய் அடைப்பு, தெருவிளக்கு, ஆபத்தான கட்டடம் எதுவானாலும் கழகத்துக்கு எழுதலாம். சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம். 18 வயதான பிள்ளைக்கு இப்போது வாக்கும் இருக்கிறது.

நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதும் இரண்டாம் ஆண்டில் விடுதி இல்லை. ஏழு பேர் சேர்ந்து ஒரு தாமானில் வீடெடுத்தோம். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். லயத்தில் சத்தமாகப் பேசியே பழகியவர்கள். ஏழு பேர் காலணியும் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். நான்கு மோட்டார் சைக்கிள். இரண்டாவது வாரத்தில் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வந்து, தம் மனைவி நோயாளி, இரவில் தூங்க முடியவில்லை என்று சாந்தமாகச் சொன்னார். வெட்கமாகிப் போயிற்று. அன்று முதல் பத்து மணிக்கு மேல் வண்டியைத் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தோம். முறை வைத்து இரண்டு வீட்டுக் கால்வாயையும் கழுவினோம். சீனப் புத்தாண்டுக்கு அவர் வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழம் வந்தது. பெர்க்லியில் நீதிமன்றம் வரை போன சத்தம் எங்கள் தெருவில் இப்படி முடிந்தது. ஆனால் வீட்டுக்காரரிடம் எங்கள் திறமை எடுபடவில்லை. முன்பணம் கொடுத்தபோது ரசீது கேட்கக் கூச்சப்பட்டோம். காலி செய்யும்போது, நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். ஒவ்வொருவர் பங்கும் எங்கள் பெற்றோரின் பல நாள் கூலி.

ஆகவே, பிள்ளைக்கு வெளியே வீடெடுக்கிற பெற்றோர்களே, கூச்சப்படாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வாடகையும், அதற்கு மேல் முதல் மாத வாடகையும் சேர்த்துக் கேட்பார்கள். ஆக, வாடகையைப்போல் மூன்றரை மடங்கு கையில் இருக்க வேண்டும். படிப்புக் கடன் வந்து சேரும்வரை காத்திருந்தால் வீடு போய்விடும். கூட்டாளிப் பிள்ளைகளோடு முன்கூட்டியே பேசிச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. யார் யார் பெயர் அதில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் இருந்தால், மற்றவர் விட்டுப் போகும்போது மொத்த வாடகையும் அந்தப் பிள்ளை தலையில் விழும். குடிபுகும் நாளிலேயே சுவர் விரிசல், உடைந்த குழாய் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.

அதைவிட முக்கியம், இரும்புக் கிராதி. திருடனுக்குப் பயந்து ஒவ்வொரு சன்னலிலும் கம்பி, கதவில் பூட்டு. இரவில் தீப்பிடித்தால் சாவி எங்கே? சாவி எப்போதும் ஒரே ஆணியில், எல்லாருக்கும் கை எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். ஓர் அறையையே பலகை வைத்து இரண்டாக மறித்திருந்தால், சன்னல் இல்லாத பக்கத்தை எடுக்க வேண்டாம். மாடி முகப்பில் நீர்க்கறை, பொங்கிய பூச்சு, கைப்பிடி ஆட்டம் இவை தெரிந்தால் வாடகை எவ்வளவு மலிவானாலும் அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.

வருகிற பள்ளி விடுமுறையில் அந்தத் தாயும் மகளும் நாங்களுமாக வீடு பார்க்கப் போவதாக இருக்கிறோம். முதலாம் ஆண்டு முடிய இன்னும் நாளிருக்கிறதே என்றோம். "இப்பவே போயி தெருவப் பாத்துட்டு வருவோம் சார், அக்கம்பக்கத்துல யாரு இருக்காங்கன்னு தெரியணுமில்ல" என்கிறார். கங்காணியிடம் ஒரு நாள் விடுப்பும் கேட்டு வைத்திருக்கிறார்.